மாநிலத்துக்குள் வராத வண்டி

பந்தயத்தில் விடுவதற்கென்று செய்த காரை, பிரசவம் பார்க்கிற ஒரு நர்ஸ் தினப்படி உபயோகத்துக்கு வாங்குவாளா என்று தென்காசியில் கேட்காத வாய் கிடையாது. வாங்குவாள். நான் வாங்கினேன். என் பெயர் முத்துவடிவு. உலக யுத்தம் நடந்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். பிறகு ஊருக்கு வந்து, தென்காசியை ஒட்டிய கீழப்புலியூரில் வீடு பிடித்து, சுற்றுப்பட்டில் யார் கூப்பிட்டாலும் போய்ப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். போக்குவரத்து மாட்டு வண்டியில்.

1956 சித்திரையில் பண்பொழியிலிருந்து மூக்கம்மாளுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. வண்டிக்காரன் அடித்துப் பிடித்துத்தான் ஓட்டினான். எட்டு மைலுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. குழந்தை காலை நீட்டிக்கொண்டு வந்து, தலை சிக்கி, நான் வாசல்படி ஏறும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஆண் குழந்தை. அரை மணி முன்னால் போயிருந்தால் இந்தக் கை அதை உயிரோடு எடுத்திருக்கும். மூக்கம்மாள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த மாடுகளின் வாலைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அந்த வருஷம் நவம்பர் முதல் தேதி செங்கோட்டை நம் பக்கம் வந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்த ஊர் ஒரே நாளில் சென்னை ராஜ்ஜியத்தில் சேர்ந்துவிட்டது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. எல்லைதான் கிளம்பி, மேற்கே புளியரை மலை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. தையில் நான் அந்தச் செங்கோட்டையில் ஒரு மர வியாபாரி வீட்டில் பிரசவம் பார்க்கப் போனேன். வண்டிப்புரையில் கோழி அடைகாத்துக் கொண்டிருந்த இடம் கார் ஸீட் மாதிரி இருக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். கார்தான். சிவப்பு நிறம், இரண்டே ஸீட், மேலே கூரை கிடையாது, தரையிலிருந்து ஒரு முழ உயரம். சின்ன முதலாளி ஆசைப்பட்டுத் திருவனந்தபுரத்தில் வாங்கி, செங்கோட்டைக்குக் கொண்டுவந்து, கல்யாணமானதும் பெண்டாட்டி இதில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் ஆறு வருஷமாக அதை நகர்த்தவே இல்லையாம். கேட்பாரற்றுக் கிடந்த பொருள், என் கழுத்துச் சங்கிலியோடு விலை முடிந்தது.

செங்கோட்டை மெக்கானிக் சுடலைமாடன் இரண்டு நாள் அதன் அடியில் படுத்துக் கிடந்து உயிர் கொடுத்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“அக்கா, இது ஓடுத வண்டி இல்ல, பறக்குத வண்டி. ஒண்ணுதான் கொறை. சாரல்ல நனைஞ்சிருவீங்க.”

“பிரசவத்துக்குப் போறவ நனைஞ்சா என்னலே? பிள்ளை நனையாம வந்தாச் சரி.”

தை முதல் வைகாசி வரை அந்த வண்டியில் இருபத்துமூன்று பிரசவத்துக்குப் போனேன். ஒரு ஸீட்டில் நான், இன்னொன்றில் கூப்பிட வந்த ஆள், அவர் மடியில் என் மருந்துப் பெட்டி. தரையோடு தரையாக உட்கார்ந்து போவதால் எதிரே வருகிற எருமை மாட்டின் முகத்துக்கு நேராக என் முகம் இருக்கும். ஊரார் சிரித்தார்கள். ‘பொம்பளைக்கு எடுப்பைப் பாரு’ என்றார்கள். சிரித்தவர்கள் வீட்டிலும் வலி வந்தது. அந்த வண்டிதான் போயிற்று. இருபத்துமூன்று குழந்தையும் பிழைத்தது. மூக்கம்மாளும் மறுபடி உண்டாகியிருந்தாள். ஆடியில் நாள். வைகாசியில் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நர்ஸம்மா, இந்தத் தடவ நேரத்தோட வந்துருவீங்கல்லா?”

“வலி எடுத்ததும் ஆள் அனுப்பு தாயி. நீ திரும்பிப் படுக்குததுக்குள்ள வந்து நிப்பேன்” என்றேன்.

ஆனி பிறந்தது. சாரலும் பிறந்தது. கூடவே எனக்கு ஒரு நோட்டீஸும் வந்தது. என் வண்டியில் இருப்பது திருவிதாங்கூர்-கொச்சி நம்பர். அதைச் சென்னை நம்பராக மாற்றிக்கொள்ளக் குற்றாலத்தில் உள்ள ‘எல்லை மாற்ற வாகனச் சீராய்வுத் தனி அலுவலக’த்துக்கு நேரில் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. நியாயமான காரியம்தானே, ஒரு மணி நேர வேலை என்று நினைத்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அலுவலகம் பேரருவிக்குப் போகிற பாதையில் ஒரு பங்களாவில் இருந்தது. காலை பத்தரை மணிக்கு உள்ளே போனால் நாற்காலிகள் இருந்தன, ஆள் இல்லை. வராந்தாக் கொடியில் நாலு கோவணமும் இரண்டு கோப்பும் காய்ந்துகொண்டிருந்தன. குமாஸ்தா சிவசைலம் தலையைத் துவட்டியபடி வந்தார்.

“தனி அலுவலர் எங்க அண்ணாச்சி?”

“அருவியில இருக்காக. முற்பகல் பேரருவி, பிற்பகல் ஐந்தருவி. நடுவுல ஆபீஸ்.”

“இந்த ஆபீஸைக் குத்தாலத்தில எதுக்கு வச்சாக?”

“செங்கோட்டைக்கும் பக்கம், தென்காசிக்கும் பக்கம். நிர்வாக வசதி. அதோட தண்ணியும் விழுது.”

“ஆவணி கழிஞ்சு தண்ணி நின்னு போச்சுன்னா?”

“முகாமும் முடிஞ்சுரும். பொறவு எல்லாம் கடுதாசிதான்.”

பதினொன்றரைக்குத் தனி அலுவலர் தாணுமாலயன் வந்தார். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வாசனை, நெற்றி நிறைய திருநீறு. கோபமே வராத மனிதர். கோபப்படுகிற அதிகாரியை நாம் திருப்பிக் கோபப்பட்டு மடக்கிவிடலாம். சாந்தமான அதிகாரியிடம் அந்த வித்தை செல்லாது. என் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, வெகு பிரியமாகக் கேட்டார்.

“வண்டி சென்னை ராஜ்ஜியத்துக்குள்ள வந்த தேதி என்னம்மா?”

“வண்டி வரல சார். அது செங்கோட்டையிலயே நின்னுச்சு. எல்லைதான் அதைத் தாண்டிப் போச்சு.”

“எல்லை போனதுக்கு எங்கிட்ட ரிக்கார்டு இருக்கு. வண்டி வந்ததுக்கு ரிக்கார்டு வேணும். எந்தச் செக்போஸ்டு வழியா வந்ததுன்னு ரசீது இருக்கா?”

“வராத வண்டிக்கு ரசீது ஏது சார்?”

“அப்ப வண்டி இன்னும் வரல” என்று சொல்லி, அதையே கோப்பில் எழுதிக்கொண்டார்.

நான் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி கொய்யா மரத்தடியில் சாரலில் நனைந்துகொண்டு நின்றது. “சார், அந்தா நிக்குதே” என்றேன். அவரும் எட்டிப் பார்த்தார். “நல்ல வண்டி” என்றார். பிறகு எனக்குப் புத்தி சொன்னார்.

“இங்க பாருங்கம்மா. கண்ணால பார்க்கிறதை வச்சு ஆபீஸ் நடத்த முடியாது. கண்ணு ஆளுக்கு ஆள் மாறும். காகிதம் மாறாது. காகிதத்தில வண்டி வரட்டும், அடுத்த நிமிஷம் நம்பர் தர்றேன். வேற வழி ஒண்ணும் இருக்கு. முந்தின ராஜ்ஜியத்துக்கிட்ட இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்திருங்க.”

“திருவிதாங்கூர்-கொச்சின்னு ராஜ்ஜியமே இப்ப இல்லையே சார்! கலைச்சுட்டாங்களே!”

“இல்லாத ராஜ்ஜியம் என்ன ஆட்சேபணை பண்ணப்போகுது? சுலபமாக் கிடைக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மூக்கம்மாளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் ரயிலேறி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு போனேன். கேரளத்துச் செக்போஸ்டு அதிகாரி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“எந்தா செய்யா, சகோதரி? செங்கோட்டை இப்போ ஞங்ஙளுடெ அல்ல, உங்களுது. வண்டிக் கணக்கு முழுக்க ஒரு பெரிய கட்டாக் கட்டி உங்க ஆபீஸுக்கே அனுப்பியாச்சு.”

சந்தோஷமாகக் குற்றாலத்துக்கு ஓடினேன். அந்தக் கட்டு எங்கே என்று சிவசைலத்திடம் கேட்டேன். அவர் கையைக் காட்டினார். பங்களாவின் பின்கட்டில் தாணுமாலயன் குப்புறப் படுத்திருந்தார். ஒருவன் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். படுத்திருந்த பெஞ்சின் ஒரு கால் கட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த சிவப்புத் துணி மூட்டைதான் செங்கோட்டைத் தாலுகாவின் மோட்டார் வண்டிக் கணக்கு.

“அதைப் பிரிச்சா என் வண்டி இருக்கும் சார்” என்றேன்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். “பிரிக்கக் கூடாதும்மா. ரெண்டு ராஜ்ஜியத்துப் பிரதிநிதியும் உக்காந்து, முத்திரையைச் சரிபார்த்துத்தான் பிரிக்கணும். அந்த ராஜ்ஜியத்துப் பிரதிநிதி வரலைன்னு எட்டு மாசமா எழுதிக்கிட்டு இருக்கோம். பதிலே இல்ல. அவங்களுக்குப் பொறுப்பே கிடையாது.”

சுடலைமாடன் ஒரு யோசனை சொன்னான். வண்டியை மலை தாண்டி வெளியே கொண்டுபோய், திரும்பவும் உள்ளே கொண்டுவந்தால் ரசீது கிடைத்துவிடுமே என்றான். அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு புளியரைக்குப் போனேன். செக்போஸ்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே போகிற வண்டிக்கு முதலில் உள்ளே வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். உள்ளே வராத வண்டி வெளியே போனால் கணக்கில் ஒரு வண்டி குறைந்துவிடுமாம். “ஒரு வண்டி கொறைஞ்சா என் வேலை போயிரும் தாயி” என்று கும்பிட்டார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். வண்டியைத் திருப்பினேன்.

ஆனி கடைசியில் புதிதாக ஒரு தாக்கீது வந்தது. வண்டியின் தகுதியைச் சோதனை ஓட்டம் மூலம் அறிய வேண்டும். ஆகவே வண்டியுடன் ஆஜராகவும் என்று. வராத வண்டியோடு எப்படி ஆஜராவது என்று கேட்கலாமா என்று தோன்றியது. தகுதியையாவது எழுதித் தரட்டும் என்று போனேன். முதல் நாள் தாணுமாலயனே இடுப்பில் துண்டும் உடம்பில் எண்ணெயுமாக ஏறி உட்கார்ந்தார். ஐந்தருவி வரைக்கும் ஓட்டச் சொன்னார். குளித்துவிட்டு வருகிறவரை என்னைக் காத்திருக்கச் சொன்னார்; இன்ஜின் ஆறினபிறகு மறுபடி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இரண்டாம் நாள் உதவி அலுவலர் சோதித்தார். மூன்றாம் நாள் உதவி அலுவலரின் மைத்துனர், நிபுணர் என்ற முறையில், புலியருவி வரைக்கும் சோதித்தார். ஸீட் முழுக்க நல்லெண்ணெய் ஊறி, ஏறுகிற ஆள் வளைவில் வழுக்குகிற நிலைமைக்கு வந்துவிட்டது.

நான்காம் நாள் தாணுமாலயன் மறுபடி துண்டோடு வந்து கதவைத் திறந்தார். நான் எழுந்திருக்கவில்லை.

“சார், உங்களுக்கு இது எத்தனாவது மாசம்?”

“என்ன கேக்கிறீங்க?”

“இந்த ஸீட்டில பிரசவக் காரியமாப் போறவங்கதான் உக்காரலாம். மாசமா இருந்தாச் சொல்லுங்க, எங்க வேணும்னாலும் கொண்டு விடுதேன்.”

சிவசைலம் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தாணுமாலயன் அப்போதும் கோபப்படவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு உள்ளே போனார். அன்று சாயங்காலமே, ஆடி பத்தாம் தேதி இறுதி விசாரணை, வண்டியைக் கொண்டுவந்து வளாகத்தில் நிறுத்த வேண்டும், தவறினால் போலீஸார் வந்து எடுத்துவருவார்கள் என்று கடிதம் வந்தது. எனக்குப் பயம் வரவில்லை என்று சொன்னால் பொய். மூக்கம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது. வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டால் மறுபடியும் அந்த மாட்டு வண்டி. அந்த வால்.

ஆடி பத்தாம் தேதி காலை வண்டியைக் கொய்யா மரத்தடியில் நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன். விசாரணை என்பதால் தாணுமாலயன், உதவி அலுவலர், சிவசைலம் மூன்று பேரும் சட்டை போட்டிருந்தார்கள். தாணுமாலயன் தொண்டையைச் செருமினார்.

“இது ரெண்டு ஸீட் வண்டி. குடும்பத்துக்கு ஆகாது. பந்தயத்துக்குச் செஞ்சது, நம்ம ஜில்லாவில பந்தயம் கிடையாது. பொம்பளை ஓட்டுறது. எல்லாத்துக்கும் மேல, ராஜ்ஜியத்துக்குள்ள முறைப்படி வரல. ஒரு வஸ்து இருந்த இடத்திலேயே இருந்துக்கிட்டு ராஜ்ஜியம் மாறிட்டேன்னு சொன்னா, நாளைக்கு ஆளாளுக்குச் சொல்ல மாட்டானா?”

“நீங்க எந்த ஊர் சார்?” என்று கேட்டேன்.

“நாகர்கோவில்.”

“போன வருஷம் வரைக்கும் நீங்களும் திருவிதாங்கூர்-கொச்சி உத்தியோகஸ்தர்தானே? எந்தத் தேதியில இங்க வந்தீங்க? எந்தச் செக்போஸ்டு?”

“நான் எங்க வந்தேன்? நாகர்கோவில்ல என் வீட்டிலேயே இருந்தேன். ராத்திரி தூங்கி எழுந்திரிச்சேன், கன்னியாகுமரி ஜில்லாவே இந்தப் பக்கம் சேர்ந்திருந்தது” என்றவர், சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் கோப்பை ஒரு தரம் மூடித் திறந்தார். பிறகு தெளிந்துவிட்டார். “அது வேற. எனக்குப் பென்ஷன் இருக்கு. வண்டிக்குப் பென்ஷன் கிடையாது.”

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு சைக்கிள் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. மூக்கம்மாளின் புருஷன் செல்லப்பா. தென்காசியில் என் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து குற்றாலத்துக்கு மிதித்து வந்திருக்கிறான். பேச்சு வரவில்லை, மூச்சுத்தான் வந்தது.

“நர்ஸம்மா... வெளிச்சத்துக்கு முந்தியே வலி கண்டுட்டு. ஒரு காலு வெளிய வந்துட்டு. போன தடவை மாதிரியே இருக்கு. வாங்கம்மா!”

நான் எழுந்தேன். தாணுமாலயன் கையை உயர்த்தினார்.

“உக்காருங்க. விசாரணை முடியற வரைக்கும் வண்டி இந்த வளாகத்தை விட்டு நகரக் கூடாது. வண்டியை நான் நிறுத்தி வைக்கிறேன்.”

“எழுத்தில குடுங்க சார். காகிதம் இல்லாம நீங்க ஒண்ணும் செய்ய மாட்டீங்களே.”

“சிவசைலம், எழுதும். ‘மேற்படி வண்டி, குற்றாலத்தில் இவ்வலுவலக வளாகத்தில் இருப்பதால்...’”

சிவசைலம் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார். “சார், இங்கன இருக்குன்னு எழுதினா, வந்த தேதியைப் போடணும். நம்ம கோப்பில வண்டி வரலைன்னுல்லா இருக்கு. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

தாணுமாலயன் கோப்பை வாங்கிப் புரட்டினார். உதவி அலுவலரும் புரட்டினார். மூன்று பேரும் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சிவப்பாக, எண்ணெய் மினுங்க நின்றுகொண்டிருந்தது. எனக்கு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

“இல்லாத வண்டியை எப்படி சார் பிடிச்சு வைப்பீங்க? உங்க கோப்புப்படி அங்கன கொய்யா மரம் மட்டும்தான் நிக்குது. அதைப் பிடிச்சு வையுங்க. அங்க ஒரு பிள்ளை காலை நீட்டிக்கிட்டு என்னைக் கூப்பிடுது. அதுக்கும் செக்போஸ்டு ரசீது இல்ல. அதை உள்ள போகச் சொல்லட்டுமா?”

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். செல்லப்பாவைப் பக்கத்து ஸீட்டில் தள்ளி, பெட்டியை மடியில் வைத்தேன். தாணுமாலயன் படியிறங்கி ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நின்றார்.

“தள்ளிக்கிடுங்க சார்” என்றேன். “இல்லாத வண்டி உங்க மேல ஏறிச்சுன்னா ஆஸ்பத்திரிச் செலவை எந்தக் காகிதத்தில எழுதுவீங்க?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு ஒதுங்கி நின்றார்.

குற்றாலத்திலிருந்து பண்பொழிக்கு அன்றைக்கு நான் எப்படி ஓட்டினேன் என்று செல்லப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அவன் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. செங்கோட்டை முக்குத் திருப்பத்தில், எண்ணெய் ஊறிய ஸீட்டில் வழுக்கி என் தோள்மேல் வந்து விழுந்ததும், “முருகா, முருகா” என்று கத்தியதும் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. சாரல் ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது உள்ளே மூக்கம்மாளின் குரல் கேட்டது. கேட்டதே, அதுதான் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கால் இரண்டும் வந்திருந்தன, தோள் வந்தது, இந்த முறை தலையைச் சிக்க விடவில்லை. பெண் குழந்தை. முதலில் அழவில்லை. தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டியதும், பண்பொழி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், நானும் கூடச் சேர்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை.

“நேரத்துக்கு வந்துட்டீங்க” என்றாள் மூக்கம்மாள்.

“வராம எங்க போவேன்?” என்றேன்.

போலீஸ் வரும் என்று ஒரு மாசம் காத்திருந்தேன். வரவில்லை. வண்டியைப் பிடிக்கச் சொல்லிக் கடிதம் எழுத வேண்டுமானால் வண்டி இருக்கிறது என்று எழுத வேண்டும். வண்டி இருக்கிறது என்று எழுத வேண்டுமானால் வந்த தேதி வேண்டும். அந்தச் சுழலிலிருந்து அவர்களால் வெளியே வர முடியவில்லை என்று சிவசைலம் ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். அவர் மனைவிக்கு அப்போது ஐந்து மாசம். மார்கழியில் அந்த வண்டிதான் போயிற்று.

இப்போது 1963. எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டது. தற்காலிகமாக ஆரம்பித்த அந்தத் தனி அலுவலகம் இன்னும் தற்காலிகமாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஆனியிலும், சாரல் விழுந்த மறுவாரம், ‘தங்கள் வண்டி மாநிலத்துக்குள் வந்த தேதியை உடனே தெரிவிக்கவும்’ என்று கடிதம் வருகிறது. நானும் ஒவ்வொரு வருஷமும் மரியாதையாகப் பதில் எழுதித் தபாலில் போடுவேன். இந்த வருஷம் நேரிலேயே கொடுத்துவிடலாம் என்று போய், வண்டியைப் பங்களா வாசலில், படியை ஒட்டி நிறுத்தினேன். தாணுமாலயன் அப்போதுதான் பேரருவியிலிருந்து துண்டோடு வந்தார். நரைத்துவிட்டார். என் கடிதத்தை வாங்கி வாய்விட்டுப் படித்தார்.

“‘ஐயா, தாங்கள் கேட்டிருக்கும் வண்டி இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் முதல் தகவல் தங்களுக்குத்தான். இப்படிக்கு, முத்துவடிவு.’ நல்லதும்மா. வருஷா வருஷம் ஒழுங்காப் பதில் எழுதுறது நீங்க ஒருத்தர்தான்.”

“பெற்றுக்கொண்டதுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

உள்ளே மேஜையெல்லாம் ஒழுகி நனைந்து கிடந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் என் வண்டியின் பானெட்டை ஈரம் போகத் துடைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்து, ‘வண்டி வரவில்லை என்ற தகவல் பெறப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, அழுத்தமாகக் கையெழுத்திட்டார். நான் அதை வாங்கி மருந்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். இலஞ்சியில் ஒரு பெண்ணுக்கு வலி.